மரத்துக்குள் மேப் தேடல் ரொம்ப மெதுவாக இருக்கிறது, ஏலக் கணக்கு மென்பொருளை எப்படி வேகப்படுத்துவது?

தெற்குவாடி_தம்பி:
வணக்கம். பாம்பனில் இருந்து எழுதுகிறேன். என் மாமா மீன் ஏலம் நடக்கிற இடத்தில் கணக்கு எழுதுகிறவர். ஆறு வருடமாக நோட்டில் எழுதியதையெல்லாம் நானும் தங்கச்சியும் உட்கார்ந்து டைப் செய்து ஏற்றிவிட்டோம், இப்போது நான் சி++ல் எழுதிய ஒரு சின்ன மென்பொருளில்தான் தினசரிக் கணக்கு ஓடுகிறது. கரையில் இறங்குகிற ஒவ்வொரு கூடைக்கும் ஒரு வரி. எந்தத் துறை, எந்தப் படகு, எந்த நாள், என்ன மீன், என்ன ரகம், எடை, விலை. இதை ஒரு மரமாக வைத்திருக்கிறேன்: துறைக்குக் கீழே படகுகள், படகுக்குக் கீழே நாட்கள், நாளுக்குக் கீழே மீன், அதற்குக் கீழே ரகம். ஒவ்வொரு கணுவிலும், அதாவது மரம் கிளை பிரிகிற இடத்திலும், பிள்ளைகளை வைக்க ஒரு எஸ்டிடி மேப் (சாவியைக் கொடுத்தால் அதற்குரியதை எடுத்துத் தருவது), சாவி எல்லாமே ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர்.

மொத்தம் 9 லட்சம் வரி இருக்கும். திறக்கும்போது கோப்பைப் படித்து மரம் கட்டி முடிக்க 41 நொடி ஆகிறது. பழைய லேப்டாப், பேட்டரி நிற்பதில்லை, கரண்ட் போனால் மறுபடியும் 41 நொடி. விடியற்காலையில் கூடை இறங்கிக்கொண்டே இருக்கும்போது அந்த நேரத்தை யாரும் பொறுப்பதில்லை, மாமா திரும்ப நோட்டை எடுத்துவிடுகிறார். மரம் என்றால் தேடல் லாக் என் தானே, சாவி இரட்டிப்பானாலும் ஒரு படிதான் கூடும், அது ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது? மேப்பைத் தூக்கிவிட்டு ஹேஷ் மேப் (வரிசை பார்க்காமல் சாவியில் இருந்தே இடத்தைக் கணக்கிடுவது) போடவா, இல்லை டேட்டாபேஸுக்கே போய்விடவா?

தொண்டி_அக்கா:
தம்பி, எதையும் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கம்பைல் செய்யும்போது நிரலை வேகப்படுத்தச் சொல்கிற -ஓ2 கொடுத்தீர்களா? ஒரு வரி உள்ளே வந்தால் மரத்தில் மேலிருந்து கீழே எத்தனை தடவை இறங்குகிறீர்கள்? நீங்கள் நினைக்கிற எண் வேண்டாம், நிரலைப் பார்த்து எண்ணிச் சொல்லுங்கள்.

தெற்குவாடி_தம்பி:
அக்கா, -ஓ2 கொடுக்கவே இல்லை. கொடுத்துப் பார்த்தேன், 41 நொடி 12 ஆகிவிட்டது. இது தெரியாமல் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு, எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு மட்டத்திலும் முதலில் கவுண்ட் கூப்பிட்டு அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்க்கிறேன், இல்லையென்றால் சேர்க்கிறேன், அப்புறம் சதுர அடைப்பில் சாவியைக் கொடுத்து எடுக்கிறேன். எடையைச் சேர்க்க ஒரு ஃபங்ஷன், விலையைச் சேர்க்க இன்னொன்று, இரண்டுமே மேலிருந்து தனித்தனியாக இறங்குகின்றன. ஆக ஒரு வரிக்கு ஐந்து மட்டம், மட்டத்துக்கு இரண்டு தேடல், அது இரண்டு தடவை. 20 தேடல்.

கீழக்கரை_காக்கா:
இதைத்தான் நான் பார்க்கிற நிரல்களில் பாதியில் பார்க்கிறேன், தம்பி. ஒரே கேள்வியை மரத்திடம் திரும்பத் திரும்பக் கேட்பது. மேப்பும் உள்ளுக்குள் ஒரு மரம்தான். கவுண்ட் கூப்பிட்டபோதே அது உச்சியில் இருந்து இறங்கி, ஒவ்வொரு கணுவிலும் ஸ்ட்ரிங்கை ஒப்பிட்டு, சரியான இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. அந்த இடத்தை உங்கள் கையில் கொடுக்காமல் வெறும் 1 அல்லது 0 மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறது. அடுத்த வரியிலேயே அதே இடத்துக்கு மறுபடி அனுப்புகிறீர்கள். 9 லட்சம் வரிக்கு 20 என்றால் ஒரு கோடியே 80 லட்சம் தேடல், அதில் முக்கால்வாசி ஏற்கெனவே தெரிந்த பதிலுக்காக.

கவுண்ட்டுக்குப் பதில் ஃபைண்ட் கூப்பிடுங்கள், கண்டுபிடித்த இடத்தைக் காட்டி அது கொடுக்கிற இட்டரேட்டரைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் சேர்க்க வேண்டும் என்கிற இடத்தில் லோயர்_பவுண்ட் கூப்பிடுங்கள். சாவி இருந்தால் அது அங்கேயே இருக்கும், இல்லையென்றால் அது இருக்க வேண்டிய இடம் கிடைக்கும், அந்த இடத்தையே குறிப்பாக எம்ப்ளேஸ்_ஹிண்டுக்குக் கொடுத்தால் மறுபடி தேடாமல் சேர்த்துவிடும். சி++17 என்றால் ட்ரை_எம்ப்ளேஸ் ஒன்றே போதும், இருந்தால் இருப்பதைத் தரும், இல்லையென்றால் சேர்த்துத் தரும், ஒரே இறக்கம்.

சதுர அடைப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது தேடுவது மட்டும் இல்லை, சாவி இல்லையென்றால் வெற்றுக் கணு ஒன்றைச் சேர்த்துவிடும். யாராவது தப்பான படகு எண்ணை அடித்துத் தேடினால்கூட அந்தப் பெயரில் ஒரு படகு உங்கள் மரத்தில் முளைத்திருக்கும். ஒரு தடவை எல்லாப் படகுகளையும் அச்சிட்டுப் பாருங்கள்.

உச்சிப்புளி_ஜாவா:
ஜாவாவிலும் இதே கதைதான். அங்கே இதே மாதிரி மரமாக இருக்கிற ட்ரீமேப்பில் கன்டெய்ன்ஸ்கீ கேட்டுவிட்டு கெட் கூப்பிட்டால் இரண்டு இறக்கம். கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட் போட்டால் ஒன்றாகிவிடும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன், ஆனால் ட்ரீமேப்புக்கு அதைத் தனியாக எழுதியது ஜாவா 15ல்தான். அதற்கு முன்னால் அது உள்ளுக்குள் கெட்டும் புட்டும் தான். பழைய ஜாவாவில் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

தெற்குவாடி_தம்பி:
காக்கா சொன்னபடி மாற்றினேன். எடையும் விலையும் ஒரே இறக்கத்தில் போகின்றன, மட்டத்துக்கு ஒரே தேடல். 12 நொடி 7 ஆனது. படகுப் பட்டியலை அச்சிட்டும் பார்த்தேன், இல்லாத படகுகள் 31 இருந்தன. ஒன்றில் வெறும் இடைவெளிதான் பெயர். நன்றி காக்கா, இது வேகத்தைவிடப் பெரிய விஷயம் எனக்கு.

ஆனால் 20 தேடல் 5 ஆகியும் நேரம் நாலில் ஒன்றாகவில்லையே, ஏன்?

சாயல்குடி_மாணவன்:
நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். விசைப்படகுகளில் எழுதியிருக்கும் பதிவு எண்கள் எல்லாம் ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்றுதானே ஆரம்பிக்கும்? முதல் 13 எழுத்தும் எல்லாவற்றுக்கும் ஒன்று, கடைசி மூன்று நான்கு எண்தான் வேறு. ஒவ்வொரு ஒப்பீட்டிலும் அந்த 13 எழுத்தையும் தாண்டித்தானே வித்தியாசத்துக்கு வர முடியும், நேரம் அங்கேதான் போகிறதோ? அப்படியென்றால் எண்ணைத் திருப்பிப் போட்டால் போதும். இல்லை, ஹேஷ் மேப்புக்கே போய்விடலாமே, அது ஓ ஒன்று, எத்தனை சாவி இருந்தாலும் ஏறக்குறைய ஒரே நேரம் தானே?

தொண்டி_அக்கா:
மாணவர் கவனித்தது நல்ல கவனிப்பு, படகு எண்ணைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. ஆனால் 13 பைட்டை ஒப்பிடுவதே பெரிய வேலை இல்லை, இன்றைய செயலிகள் 16 பைட்டை ஒரே அள்ளலில் ஒப்பிட்டுவிடும். செலவு வேறு இடத்தில் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

செயலிக்குப் பக்கத்திலேயே இருக்கிற சின்ன நினைவகமான எல்1 கேஷில் ஒரு தரவு இருந்தால் ஏறக்குறைய ஒரு நானோநொடியில் கிடைக்கும். அங்கே இல்லாமல் ரேம் வரை போக வேண்டும் என்றால் 100 நானோநொடிக்குப் பக்கம் ஆகும். ரேமில் இருந்து வருவதும் ஒரு பைட்டாக வராது, 64 பைட் சேர்ந்து ஒரு கேஷ் லைனாக வரும். ஒரு மீனுக்காக யாரும் வலையை இழுப்பதில்லை, இழுத்தால் வலையில் இருப்பது எல்லாம் வரும், அது போல. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒரு தேடலில் எத்தனை ஒப்பீடு என்பது மட்டும் இல்லை, எத்தனை தடவை ரேமுக்குப் போகிறோம் என்பதும் தான்.

எஸ்டிடி மேப் வழக்கமாகச் சிவப்பு-கறுப்பு மரம். ரூடால்ஃப் பேயர் 1972ல் கொடுத்த அமைப்பில் இருந்து வந்தது, கிபாஸும் செட்ஜ்விக்கும் 1978ல் இந்தப் பெயரைக் கொடுத்தார்கள். செயலியின் வேகமும் நினைவகத்தின் வேகமும் இன்று போல விலகிப் போகாத காலம் அது. அந்த மரத்தில் ஒவ்வொரு கணுவும் நினைவகத்தில் தனித்தனி இடத்தில் கிடக்கிறது. 200 படகு என்றால் எட்டு கணுவைத் தொட வேண்டும், எட்டும் எட்டு இடத்தில். இதோடு நின்றால் பரவாயில்லை. 64 பிட் ஜிசிசி கம்பைலரில் ஒரு மேப் கணுவின் தலைப்பகுதியே 32 பைட், ஸ்ட்ரிங் இன்னொரு 32 பைட். ஸ்ட்ரிங் 15 பைட்டுக்குள் இருந்தால் அந்த 32க்குள்ளேயே அடங்கிவிடும். 16 ஆகிவிட்டால் எழுத்துகள் வேறொரு இடத்துக்குப் போய்விடும், கணுவில் அதன் முகவரி மட்டும் இருக்கும்.

இப்போது உங்கள் படகு எண்ணைப் பாருங்கள். 13 எழுத்து, கூடவே மூன்று இலக்கம். சரியாக 16. ஒரே ஒரு எழுத்தால் வெளியே போகிறது! எட்டு கணுவுக்கும் எட்டு கூடுதல் பயணம்.

மீன் பெயர் இன்னும் மோசம், ஏனென்றால் எழுத்தைப் பைட்டாக எழுதுகிற யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். எழுத்து என்று நாம் சொல்வதற்கு இல்லை, உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனியாக 3. நண்டு என்றால் ந, ண, புள்ளி, ட, உகரக் குறி, ஐந்து குறியீடு, 15 பைட், உள்ளே அடங்கிவிடும். இறாலும் 15. கணவாய் 18, வெளியே. வஞ்சிரம் 24, திருக்கை 24, வெளியே. இராமேசுவரம் என்று துறையின் பெயரை எழுதினால் 33.

இன்னும் ஒன்று. கோப்பின் வரியை வெட்டி ஸ்ட்ரிங்_வியூவாக (நகலெடுக்காமல் எழுத்துகள் இருக்கிற இடத்தை மட்டும் காட்டுவது) வைத்திருப்பீர்கள், ஆனால் மேப்பின் ஃபைண்ட் ஸ்ட்ரிங்தான் கேட்கும், அதனால் தேடும்போதெல்லாம் ஒரு தற்காலிக ஸ்ட்ரிங் உருவாக்குகிறீர்கள். 15ஐத் தாண்டினால் அதற்கு ஒரு நினைவக ஒதுக்கீடு, தேடி முடித்ததும் விடுவிப்பு. மேப்பை அறிவிக்கும்போது ஒப்பிடும் வகையாக, கோண அடைப்புக்குள் எதுவும் எழுதாத எஸ்டிடி லெஸ்ஸைக் கொடுங்கள், ஸ்ட்ரிங்_வியூவை நேராகவே தேடலாம். சி++14ல் இருந்து இது இருக்கிறது. ட்ரை_எம்ப்ளேஸ் இதற்கு ஒத்துழைக்காது, காக்கா சொன்ன லோயர்_பவுண்ட் வழியை எடுங்கள்.

ஹேஷ் மேப்பை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். படகு மட்டத்துக்குப் போடலாம். நாள் மட்டத்துக்குப் போட்டால் வரிசை போய்விடும். ஏப்ரல் 15ல் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் என்ன இறங்கியது, ஜூன் 14 முடிந்து முதல் வாரம் என்ன இறங்கியது என்று கேட்பீர்கள் தானே? அதற்கு வரிசை வேண்டும்.

தெற்குவாடி_தம்பி:
அக்கா, படித்துவிட்டு உடனே லெஸ்ஸை மாற்றினேன். ஒரு வரி மாற்றம், 7 நொடி 5 ஆனது.

மாமா அந்த வாரக் கணக்கைத்தான் கேட்பார், சரியாகச் சொன்னீர்கள்.

இன்னொரு குழப்பம், வேகத்தைப் பற்றியது இல்லை. மீன் பட்டியலில் கொடுவா இரண்டு தடவை வருகிறது. திரையில் இரண்டும் ஒன்றுதான், இடைவெளிகூட இல்லை. நான் அடித்த கொடுவா ஒன்று, தங்கச்சி ஃபோனில் அடித்தது ஒன்று என்று நினைக்கிறேன்.

கீழக்கரை_காக்கா:
பைட்டை எண்ணிப் பாருங்கள், ஒன்று 18, இன்னொன்று 21 இருக்கும். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். ஓகாரமும் ஔகாரமும் அப்படித்தான். கண்ணுக்கு ஒன்று, மேப்புக்கு இரண்டு. உள்ளே வரும்போதே என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதுகிற வடிவத்துக்கு, மாற்றிவிட வேண்டும். தமிழ்ப் பெயரைச் சாவியாக வைக்கிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் கணக்கு இரண்டாகப் பிரிந்து யாருக்கோ பணம் குறையும்.

அதைச் செய்கிற அதே வாசலில் இன்னொரு வேலையையும் செய்துவிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு எண் கொடுங்கள். கொடுவாவுக்கு 7, கணவாய்க்கு 8, அவ்வளவுதான். பெயரில் இருந்து எண்ணுக்குப் போக ஒரே ஒரு ஹேஷ் மேப், எண்ணில் இருந்து பெயருக்கு வர ஒரு வெக்டர், அதாவது நினைவகத்தில் அடுத்தடுத்து அடுக்கிய பட்டியல். மரத்துக்குள் ஸ்ட்ரிங்கே போகக் கூடாது, எல்லாம் 32 பிட் எண். தேதியையும் எண்ணாக்குங்கள், ஒரு தொடக்க நாளில் இருந்து எத்தனையாவது நாள் என்று. படகு எண்ணில் ஒரு எழுத்து வெளியே போகிற பிரச்சினை, தற்காலிக ஸ்ட்ரிங், மூன்று பைட் தமிழ், எல்லாமே அந்த வாசலோடு நின்றுவிடும்.

சாவி எண் ஆனதும் சின்ன மட்டங்களுக்கு மேப்பே தேவையில்லை. ஒரு படகு ஒரு நாளில் எத்தனை வகை மீன் கொண்டுவரும், பத்து, பதினைந்து? 16 எண் சரியாக 64 பைட், ஒரு கேஷ் லைன். வெக்டரில் வரிசையாக வைத்து முதலில் இருந்து கடைசி வரை பார்த்துவிட்டு வந்தாலே எந்த மரத்தையும்விட வேகம்.

சாயல்குடி_மாணவன்:
காக்கா, எண் கொடுத்தால் மீன் பெயர் அகர வரிசையில் வராதே? அறிக்கையில் வரிசை வேண்டுமே?

உச்சிப்புளி_ஜாவா:
தம்பி, ஸ்ட்ரிங்காக வைத்தாலும் அகர வரிசை வராது. யூனிகோடில் ர, ற, ல, ள, ழ, வ என்று இருக்கிறது, நாம் படித்தது ர, ல, வ, ழ, ள, ற. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வைக்கப்பட்டிருப்பதால் க் என்பது கௌவுக்குப் பிறகு வரும். நான் இதைச் சரிசெய்ய ட்ரீமேப்பின் ஒப்பீட்டுக்குள்ளேயே தமிழ் அகர வரிசைப்படி ஒப்பிடுகிற கொலேட்டரைப் போட்டேன், வரிசை சரியாக வந்தது, ஆனால் ஒவ்வொரு தேடலிலும் ஒவ்வொரு கணுவிலும் அந்தக் கனமான ஒப்பீடு ஓடியது. பிறகு மரத்துக்குள் எண்ணை மட்டும் வைத்து, அறிக்கை அச்சிடும்போது மட்டும் நாற்பது ஐம்பது பெயரை வரிசைப்படுத்தினேன். மரத்தின் வரிசையும் மனிதர் பார்க்கிற வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

தெற்குவாடி_தம்பி:
இரண்டு நாளாகப் பதில் போடவில்லை, மன்னிக்கவும். கொடுவா ஒன்றாகிவிட்டது. அதே வழியில் கோலா மீனும் இரண்டாக இருந்தது தெரியவந்தது.

எண்ணுக்கு மாற்றினேன், மீனும் ரகமும் வெக்டர், நாட்களும் வெக்டர். நாட்கள் எப்போதும் ஏறுவரிசையில்தான் வருகின்றன, கடைசியில் சேர்ப்பதோடு சரி, தேடும்போது பட்டியலைப் பாதி பாதியாகக் குறைக்கும் பைனரி தேடல். 5 நொடி 3க்கு வந்தது.

ஆனால் இடையிடையே செயலிழந்து நின்றுவிடுகிறது, ஒரே இடத்தில் இல்லை. கடைசியாகப் பார்த்த கணுவின் பாயிண்டரை, அதாவது நினைவக முகவரியை, ஒரு இடத்தில் பிடித்து வைத்திருந்தேன், முன்பு மேப்பில் அது பிரச்சினை கொடுக்கவே இல்லை.

தொண்டி_அக்கா:
அதுதான் காரணம். மேப்பில் ஒரு கணு சேர்ந்தால் மற்ற கணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். வெக்டர் இடம் போதாமல் வளரும்போது எல்லாவற்றையும் புது இடத்துக்கு மாற்றிவிடும், உங்கள் பாயிண்டர் பழைய காலி இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். எல்லாக் கணுக்களையும் ஒரே பெரிய வெக்டரில் வைத்து, பாயிண்டருக்குப் பதிலாக எத்தனையாவது கணு என்கிற எண்ணை வையுங்கள். வெக்டர் எங்கே நகர்ந்தாலும் அந்த எண் மாறாது. பாயிண்டர் 8 பைட், எண் 4 பைட், அதிலும் பாதி இடம் மிச்சம்.

கடைசிக் கணுவைப் பிடித்து வைக்க நினைத்தது நல்ல யோசனை, அதை விட்டுவிடாதீர்கள், இன்னும் முழுதாகச் செய்யுங்கள். கூடைகள் எப்படி வருகின்றன என்று யோசியுங்கள். ஒரு படகு வந்து நின்றால் அதன் கூடைகள் எல்லாம் இறங்கி முடிந்த பிறகுதான் அடுத்த படகு. அப்படியென்றால் அடுத்தடுத்த வரிகளில் துறை ஒன்று, படகு ஒன்று, நாள் ஒன்று. மாறுவது மீனும் ரகமும் தான். போன வரியில் இறங்கிய பாதையை ஐந்து எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். புது வரி வந்ததும் மேலிருந்து ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள், எந்த மட்டத்தில் முதலில் வித்தியாசம் வருகிறதோ அங்கிருந்து மட்டும் தேடுங்கள். மேல் மூன்று மட்டத்துக்குப் பெரும்பாலும் தேடலே நடக்காது. எந்தத் தரவு அமைப்பும் இந்தச் செய்தியைத் தானாகக் கண்டுபிடிக்காது, கரையில் நிற்கிற உங்களுக்குத்தான் தெரியும்.

கீழக்கரை_காக்கா:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லாவற்றையும் கையால் எழுத முடியாதவர்கள் பி-மரத்தைப் பாருங்கள். பேயரும் மெக்ரைட்டும் வட்டில் இருக்கிற கோப்புகளுக்காகச் செய்தது, ஒரு கணுவில் பல சாவிகளைச் சேர்த்து வைக்கும். வட்டுக்குப் போவதைக் குறைக்கச் செய்த அதே ஏற்பாடு இன்று ரேமுக்குப் போவதையும் குறைக்கிறது. ரஸ்ட்டின் பிட்ரீமேப் ஒரு கணுவில் 11 சாவி வரை வைக்கிறது. சி++ல் கூகுளின் ஆப்சீலில் பிட்ரீ_மேப் இருக்கிறது, சி++23ல் வரிசைப்படுத்திய வெக்டர் மேல் ஃபிளாட்_மேப் வந்துவிட்டது. வெக்டரில் வந்த பாயிண்டர் பிரச்சினை இவற்றிலும் வரும், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

தெற்குவாடி_தம்பி:
இன்று காலை ஏலத்தில் ஓட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். பாயிண்டரை எடுத்துவிட்டு எண் வைத்தேன், செயலிழப்பு போய்விட்டது. பாதையைப் பிடித்து வைத்தேன், 3 நொடி ஒன்றேகால் ஆனது. நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியை வைத்துப் பார்த்தால் மிச்சமிருக்கிற நேரத்தில் பெரும்பகுதி கோப்பைப் படித்து வரியை வெட்டுவதில்தான் போகிறது, மரம் பட்டியலில் கீழே போய்விட்டது.

ஒரு வித்தியாசம் கவனித்தேன். பாதையைப் பிடித்து வைத்தது ஏற்றும்போதுதான் உதவுகிறது. சாயங்காலம் வியாபாரிகள் ஆளுக்கொரு படகைக் கேட்கும்போது அதனால் பயன் இல்லை, அங்கே எண்ணாக மாற்றியதுதான் வேலை செய்கிறது. நாட்டுப்படகுக்காரர்கள் நாலைந்து பேர் ஒன்றாகக் கரைக்கு வந்து கூடைகளைக் கலந்து இறக்குகிற நாட்களிலும் பாதை அடிக்கடி அறுந்துபோகிறது. அதற்குப் படகுக்கு ஒரு கடைசி நாள் என்று கணுவிலேயே எழுதி வைத்தேன், நாள் தேடல் மட்டும் போனது, இப்போதைக்கு அது போதும்.

துறை மட்டத்தை மட்டும் பழைய மேப்பாகவே விட்டிருக்கிறேன். மூன்று துறைதான் இருக்கிறது.